படத்தில் தெரியாதவை: தோட்ட மண்டபத்துக்கு மூன்று வழிகள்

கோயில் நிர்வாகக் குழுவின் வாட்ஸ்அப்பில் போன மாதம் ஒரு படம் வந்தது. நீல வானம், வெள்ளைச் சுவர், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, வாசலில் இரண்டு அலங்காரப் பனை. எங்கள் பழைய டேவானை, அதாவது பொது மண்டபத்தை, இடித்துவிட்டு அந்த இடத்தில் கட்டப்போகும் ஏர்கோன் (குளிரூட்டிய) மண்டபம் இப்படித்தான் இருக்கும் என்று குத்தகையாளர் கணினியில் வரைந்து அனுப்பியது. அரை மணி நேரத்துக்குள் கும்பிடும் கைகளும் பூங்கொத்துமாகக் குழு நிறைந்துவிட்டது. அடுத்த மாதம் பொதுக்கூட்டம். கைதூக்கி முடிவு செய்ய வேண்டும்.

அதற்குள் நம் முன்னால் இருக்கும் மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஈப்போவில் ஒரு கட்டடக் கலைஞர் அலுவலகத்தில் பல வருடம் பிளான் வரைந்தவள் நான். இப்படிப்பட்ட படங்களை நானும் தயாரித்திருக்கிறேன். அவற்றில் மழை பெய்யாது, எதிரொலி கேட்காது, யாருக்கும் வியர்க்காது. ஃபின்லாந்துக் கட்டடக் கலைஞர் யுஹானி பல்லாஸ்மா 1996இல் விரிவாக எழுதியது இதைத்தான்: நம் காலத்துக் கட்டடக்கலை கண்ணுக்கு மட்டும் தீனி போடுகிறது; காது, தோல், மூக்கு, பாதம் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. ஆனால் மண்டபத்துக்குள் ஐந்து மணி நேரம் உட்காரப்போவது நம் முழு உடம்பும்தான்.

எங்கள் ஊர் மலேசியாவின் கீழ்ப் பேராக்கில், தெலுக் இந்தானைச் சுற்றியுள்ள தோட்டப்புறச் சிற்றூர்களில் ஒன்று. பெரியவர்கள் இன்னும் தெலுக் அன்சன் என்றே சொல்வார்கள். முன்பு ரப்பர், இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் காலியாகி, ஆட்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குப் போய்விட்டார்கள். மாரியம்மன் கோயிலும் அதற்கு எதிரே நிற்கும் டேவானும்தான் மிச்சம். திருவிழாச் சாப்பாடு, நலங்கு, கருமாதி, சனிக்கிழமை டியூஷன், தேவார வகுப்பு என்று எல்லாம் அங்கேதான் நடக்கின்றன.

தெலுக் இந்தானுக்கு வருகிறவர்கள் சாய்ந்த கோபுரத்தைப் பார்க்காமல் போகமாட்டார்கள். 1885இல் தண்ணீர்த் தொட்டிக்காகக் கட்டியது. வெளியே நின்று எண்ணினால் எட்டு மாடி போலத் தெரியும். உள்ளே ஏறினால் மூன்றுதான். அது சாய்ந்ததற்குக் காரணம் அடியில் இருக்கும் இளகிய மண். இந்த வட்டாரத்தில் எதைக் கட்டினாலும் அந்த மண்ணை நினைத்துக்கொள்ள வேண்டும். வெளியே தெரிவதும் உள்ளே இருப்பதும் ஒன்றல்ல என்பதையும்தான்.

சரி, மூன்று வழிகள். முதலாவது, இருக்கிற டேவானைப் பழுதுபார்ப்பது. மரத்தூண்கள், இடுப்பளவுப் பலகைச் சுவர், அதற்கு மேல் கம்பி வலை, தகரக் கூரை, சிமெண்டுத் தரை. மேற்குப் பக்கம் நான்கு தூண்களைக் கரையான் தின்றிருக்கிறது, கூரை பல இடங்களில் ஒழுகுகிறது. இரண்டாவது, படத்தில் வந்த ஏர்கோன் மண்டபம்: 18 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம், கொங்கிரீட் கட்டடம், தரையெல்லாம் டைல்ஸ். மூன்றாவதைப் பற்றி இதுவரை யாரும் அதிகம் பேசவில்லை. அதே இடத்தில், அதே அளவில், இரும்புச் சட்டத்தில் ஒரு திறந்த மண்டபம். நான்கு பக்கமும் அகலமாகத் தாழ்ந்து இறங்கும் கூரை, உட்காருகிற உயரத்தில் குட்டைச் சுவர், ஒரு கோடியில் மட்டும் பூட்டக்கூடிய ஓர் அறை.

காசுக் கணக்கைப் பொருளாளர் கூட்டத்தில் வைப்பார். பழுதுபார்ப்பதுதான் மலிவு, ஏர்கோன் மண்டபம்தான் மிக அதிகம், திறந்த மண்டபம் இரண்டுக்கும் நடுவில். ஏர்கோன் மண்டபத்தின் செலவில் ஒரு நல்ல பங்கு, பைலிங் என்ற பெயரில், அடித்தளத் தூண்களாக, யார் கண்ணிலும் படாமல் மண்ணுக்குள் போய்விடும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

சத்தத்திலிருந்து தொடங்குகிறேன். எந்தக் கூட்டத்திலும் இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் கட்டி முடித்த பிறகு எல்லாரும் புலம்புவது இதைப் பற்றித்தான். 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேசினால் ஒன்றுமே விளங்கவில்லை. ஒரு சொல் சொன்னால் அது ஐந்தரை வினாடி உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் அடுத்த பல சொற்கள் அதன்மேல் விழுந்துவிடும். வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகத் தூக்கி வந்து பரப்பி, எத்தனை மெத்தைக்கு எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். அதிலிருந்து வந்த கணக்கு இன்றுவரை பயன்படுகிறது: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அந்த அறை உறிஞ்சும் அளவால் வகுத்தால், சத்தம் அடங்க எத்தனை வினாடி ஆகும் என்று கிடைக்கும். உறிஞ்சும் அளவுக்கு அவர் வைத்த அலகு எனக்கு மிகவும் பிடிக்கும். திறந்த ஜன்னல். வெளியே போன சத்தம் திரும்பி வராது அல்லவா!

நம் மண்டபத்துக்குப் போட்டுப் பார்த்தேன். கன அளவு 864 கன மீட்டர். தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்த்து 672 சதுர மீட்டர். டைல்ஸும் கண்ணாடியும் பூசிய சுவரும் தம்மேல் விழும் சத்தத்தில் நூற்றுக்கு மூன்று பங்குதான் உறிஞ்சும் என்று வைத்துக்கொண்டால், மொத்தக் கட்டடமும் 20 சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம். டியூஷனுக்கு 20 பிள்ளைகள் வந்து உட்கார்ந்தால் இன்னும் 8 சேரும். ஒரு சொல் அடங்க ஏறக்குறைய 5 வினாடி. ஹார்வர்ட் கூடத்தின் கதைதான். 200 பேர் நிறைந்த கல்யாணத்தில் அது ஒன்றரை வினாடிக்கு இறங்கிவிடும். அதனால் திறப்பு விழாவன்று யாருக்கும் குறை தெரியாது. சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். சுவரில் பாதியைத் திறந்துவிட்ட அதே அளவு மண்டபத்தில், அதே 20 பிள்ளைகளுக்கு, கணக்கு 1 வினாடிக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. பேச்சு தெளிவாக விளங்க வேண்டிய அளவு அதுதான். மூடிய மண்டபத்திலும் சீலிங்குக்கு உறிஞ்சும் பலகை போட்டால் இதைச் சரிசெய்யலாம். ஆனால் வந்திருக்கும் விலைப்பட்டியலில் அது இல்லை. எதிரொலி வந்தால் நம் ஆட்கள் செய்வது ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டுவது. கூட்டக் கூட்ட இன்னும் விளங்காது.

பழைய டேவானும் இதில் ஒழுங்கில்லை. தகரத்தின்மேல் மழை இறங்கினால் வகுப்பு நின்றுவிடும். ஆசிரியை சாக்கட்டியை எடுத்துப் பலகையில் எழுத ஆரம்பிப்பார், பிள்ளைகள் வெளியே வேடிக்கை பார்ப்பார்கள். பழுதுபார்த்தாலும் புதிதாகத் திறந்த மண்டபம் கட்டினாலும் தகரத்துக்கு அடியில் சத்தத்தையும் சூட்டையும் தடுக்கும் ரொக்வூல் என்ற கல்நார்ப் பஞ்சு போன்ற மெத்தையை வைத்துச் சீலிங் அடிக்காமல் விடக் கூடாது. அதைப் பணம் மிச்சம் பிடிக்கும் இடமாக நினைத்தால் எல்லாம் வீண். வெயிலுக்கும் அதுதான் மருந்து. நாம் நிலநடுக்கோட்டுக்கு 4 டிகிரி வடக்கே இருக்கிறோம், வருடம் முழுக்கச் சூரியன் தலைக்கு மேலேதான். சூடு முதலில் இறங்குவது கூரை வழியாக.

அடுத்து கிழக்கு, மேற்குச் சுவர்கள். படத்தில் இருக்கும் கண்ணாடி முகப்பு கோயிலைப் பார்க்க வேண்டும் என்பதற்காக நேர் மேற்கே திரும்பியிருக்கிறது. மாலை நான்கு மணிக்கு அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் யார் உட்காருவார்கள்? திரை போட்டு மூடுவோம். மூடிய பிறகு அது கண்ணாடியாக இருந்து என்ன பயன்?

ஏர்கோன் வேண்டும் என்கிறவர்களின் முதல் காரணம் வெக்கை. அது நியாயம்தான். ஆனால் உடம்பு உணரும் சூடு வேறு, வெப்பமானி காட்டும் சூடு வேறு. வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் காற்று மேலே பட்டால் ஏறக்குறைய 3 டிகிரி குறைந்த மாதிரி இருக்கும். நல்ல பெரிய காற்றாடி தரும் வேகம் அது. 1998இல் ரிச்சர்ட் டி டியர், கெய்ல் பிரேகர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல நாடுகளில் 160 கட்டடங்களிலிருந்து திரட்டிய ஏறக்குறைய 21,000 பதிவுகளை வைத்துப் பார்த்தார்கள். ஜன்னலைத் தாங்களே திறந்து மூடிக்கொள்ளும் கட்டடங்களில் இருந்தவர்களுக்கு, ஏர்கோன் கட்டடங்களில் இருந்தவர்களால் தாங்க முடியாத சூடுகூட இதமாகத்தான் இருந்தது. காற்று வரும் திசைக்கு நாற்காலியைத் தூக்கிப்போட நம்மால் முடிகிறது என்பதே பாதிச் சுகம். பால்குடம் எடுத்து ஈரப் புடவையோடு வரும் அக்காமார்களை நினைத்துப் பாருங்கள். ஏர்கோன் மண்டபத்தில் அவர்கள் எங்கே உட்காருவார்கள்?

போன வருடம் நடந்த ஒரு நிச்சயதார்த்தத்தில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் போட்ட நாற்காலிகள் கடைசியாகத்தான் நிரம்பின. பாட்டிகள் பலகைச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்கள். ஆண்கள் கூரை ஓரத்தில், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் நின்றார்கள். பிள்ளைகள் கதவுக்கும் காருக்கும் ஓடினார்கள். சமையல் கொட்டகையிலிருந்து வந்த பெண்கள் வாசலிலேயே நின்று மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நம் விசேஷங்களில் பாதி ஓரத்தில்தான் நடக்கின்றன. ஊரில் திண்ணை செய்த வேலையை இங்கே கூரை ஓரம் செய்கிறது.

கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரும் அவருடைய குழுவினரும் 1977இல் இதற்கு ஓர் அளவே சொன்னார்கள்: ஆறடிக்குக் குறைந்த வராந்தாவை மக்கள் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. நம் ஊர்க் கடைவீதியில் இருக்கும் அஞ்சடியை நினைத்தால் இது உடனே விளங்கும். கடைக்கு முன்னால் கூரை போட்ட நடைவழி விட வேண்டும் என்று 1822இல் சிங்கப்பூருக்கு ராஃபிள்ஸ் போட்ட உத்தரவிலிருந்து மலாயா முழுக்கப் பரவியது அது. அஞ்சடி நடப்பதற்குச் சரி. நான்கு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் வழி அடைத்துவிடும். படத்தில் இருக்கும் ஏர்கோன் மண்டபத்தின் முன்தாழ்வாரம் நான்கடி. மற்ற மூன்று பக்கமும் சுவர், சுவரோடு ஏர்கோன் வெளிப்பெட்டிகள். அங்கே நின்றால் சுடுகாற்றுத்தான் அடிக்கும். திறந்த மண்டபத்தில் எட்டடி ஓரம் வைக்கச் சொல்லி நான் வரைந்து கொடுத்திருக்கிறேன்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம் சாவி. பழைய டேவானுக்குப் பூட்டு இல்லை. பள்ளி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளை, செம்பனைக் குலை வெட்டிவிட்டு மழைக்கு ஒதுங்கும் வங்காளதேசத்துத் தம்பி, கோயிலுக்கு வந்து கால் வலிக்க உட்காரும் பாட்டி, யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மூடிய மண்டபத்துக்குச் சாவி வேண்டும், சாவிக்கு ஓர் ஆள் வேண்டும், சுவிட்சைப் போட்டால் மின்கட்டணம் ஏறும். ஆகவே விசேஷம் இல்லாத நாள்களில் அது பூட்டியே கிடக்கும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒரு கட்டடம் மனிதர்களுக்குப் பயன்படுகிறது என்று எண்ணினால் மூன்றில் அதுதான் கடைசி.

ஆனாலும் அதன் பக்கத்து நியாயத்தை முழுக்கச் சொல்லியாக வேண்டும். 2015இலும் 2019இலும் புகைமூட்டம் வந்தபோது நமக்கு ஒதுங்க ஒரு மூடிய அறைகூட இல்லை. கைக்குழந்தைகளுக்கும் ஆஸ்துமாக்காரர்களுக்கும் காற்றாடி உதவாது. கணினி, புத்தகங்களை வைக்கப் பூட்டுள்ள இடம் வேண்டும். வாடகைக்கு விட்டால் கோயிலுக்கு வருமானமும் வரும். நான் மூன்றாவது வழியில் ஒரு கோடியில் மூடிய அறையைச் சேர்த்தது இதற்காகத்தான். சின்ன அறை, சின்ன ஏர்கோன், பிள்ளைகள் படிக்கப் போதும். கல்யாண வாடகை அதில் வராது, உண்மைதான். நான் சொல்லும் வழியில் நாம் இழப்பது அது.

இன்னொரு நியாயமும் இருக்கிறது. இதைச் சொன்னவர் எனக்குச் சித்தி முறை. பதின்மூன்று வயதில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர். "அந்தத் தகரத்தப் பாத்தாலே எனக்குப் பெரட்டுத்தான் ஞாபகம் வருது. விடியக்காலையில வெளிய நிக்கணும். கிராணி பேரு கூப்புடுவாரு. மழை பேஞ்சாலும் வெளியதான். எம் பேரப்புள்ளைங்களாவது கண்ணாடிக் கதவத் தள்ளிக்கிட்டு உள்ள போவட்டும்" என்றார். (பெரட்டு என்பது வேலைக்கு முன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது; கிராணி தோட்டத்துக் கணக்கர்.) எனக்கு அன்று பதில் வரவில்லை. எதிரொலிக்குக் கணக்கு இருக்கிறது, இதற்கு இல்லை. காற்றோட்டம், நிழல், மரத்தின் தொடுகை என்று எழுதுகிற கட்டடக் கலைஞர்களில் பலருக்கு வெளியே நிற்கவைக்கப்பட்ட அனுபவம் இல்லை. லயத்திலும் தகரக் கொட்டகையிலும் வாழ்ந்தவர்களுக்கு நாலு சுவரும் குளிர்ந்த காற்றும் 'நீயும் உள்ளே வா' என்ற அழைப்பு. திறந்த மண்டபம் என்றால் இன்னும் நம்மை வெளியிலேயே விடுகிறார்கள் என்று அவர் உடம்பு சொன்னால், அந்த உடம்பை நான் பொய் என்று சொல்ல மாட்டேன்.

சித்தி கேட்பது மரியாதை. அதைக் கண்ணாடி மட்டும்தான் தர முடியும் என்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. பாங்கியில் 1992இல் கட்டி முடித்த சாலிஞ்சர் வீடு என்று ஒன்று உண்டு. மலேசியக் கட்டடக் கலைஞர் ஜிம்மி லிம் வரைந்தது. மலாய்த் தச்சுமுறையில், செங்கால் என்ற வன்மரத்தில், காற்று உள்ளே புகுந்து வெளியே போகிற மாதிரி எழுப்பியது. 1998இல் அதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. மரமும் திறப்பும் ஏழையின் அடையாளம் அல்ல. அரைகுறை வேலைதான் மனிதனைக் குறைத்துக் காட்டும். ஒழுகும் கூரை, வெடித்த தரை, கதவில்லாத கழிப்பறை, இவற்றைத்தான் சித்தி வெறுக்கிறார். ஆகவே எந்த வழியானாலும் தரையை இரண்டடி உயர்த்த வேண்டும், சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பாதை வேண்டும், கோயிலைப் பார்த்து முறையான ஒரு வாசல் வேண்டும். நிலை வைத்து, இரட்டைக் கதவு போட்டு, கையால் தள்ளித் திறக்கும் வாசல். கதவின் கைப்பிடி என்பது கட்டடம் நமக்குக் கொடுக்கும் கை என்ற பொருளில் பல்லாஸ்மா எழுதியிருக்கிறார். சுற்றிலும் திறந்திருக்கும் மண்டபத்துக்குக் கதவு எதற்கு என்று கேட்பார்கள். முன்பு வெளியே நின்றவர்கள் அதன் வழியாக உள்ளே வருவதற்கு. கழிப்பறையை முதலில் கட்ட வேண்டும், மற்றதெல்லாம் பிறகு.

முதல் வழிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில்தான் என் மனம் இன்னும் ஆடுகிறது. பழைய தூண்களைத் தொட்டால் அந்த வழவழப்பு புதுசில் வராது; தலைமுறை தலைமுறையாகக் கைபட்டு, முதுகு சாய்ந்து வந்தது. போன வாரம் ஒரு தச்சர் வந்து ஒவ்வொரு தூணையும் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். நல்ல மரம் கணீரென்றது, கரையான் தின்றது பொத்தென்றது. மேற்கே உள்ள நான்கையும் மாற்றினால் மற்றவை நிற்கும் என்கிறார், ஆனால் அடிமரத்தைத் தோண்டிப் பார்த்த பிறகே உறுதி. தோண்டிப் பார்த்து நன்றாக இருந்தால் என் கை பழுதுபார்ப்பதற்கு உயரும். உயர்ந்த தரை, ரொக்வூல் சீலிங், எட்டடி ஓரம், கோடியில் ஓர் அறை, இவற்றோடு. அடிமரம் போயிருந்தால் மூன்றாவதற்கு. அப்போதும் நல்ல தூண்கள் நாலைந்தை எடுத்து வாசல் நிலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதற்கு என் கை உயராது.

கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு மாலை மூன்று மணிக்கு டேவானில் பாய் விரித்து வைக்கிறேன். படத்தைப் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிடுகிறோம், திறந்த மண்டபத்தின் எட்டடி ஓரத்தைத் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டுக் காட்டுகிறோம். சித்தியும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போங்கள். மழை வந்தால் இன்னும் நல்லது.